மாலக்கி துக்கம் கேட்ட வீடு

என் தம்பி மாலக்கி டியர்னன் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மாடு, அதைவிடக் கொஞ்சம் நல்ல புல், மிச்சமெல்லாம் நாணல் முளைத்த ஈர நிலம், ஏரியைப் பார்த்தாற்போல ஒரு வீடு. அந்த வீட்டில் இப்போது அவனும், கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவாகிய நானும். செய்தித்தாளில் அவன் பெயர் ஒரே ஒரு முறை வந்தது, அவன் காளைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தபோது. அதிலும் காளையின் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டு இவன் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

ஆனால் சாவு என்று வந்துவிட்டால் எங்கள் கோவில் பங்கு ஊர்களில் அவனை மிஞ்ச ஆளில்லை. காலையில் உள்ளூர் ரேடியோவில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது வாயில் இருக்கும் ரொட்டியை மெல்லக்கூட மாட்டான். செத்தவர் உனக்கு உறவா, பழக்கமா, கண்ணாலாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், "அவரோட மச்சான்கிட்டதானே அந்தச் செவலைக் கன்னுக்குட்டிய வாங்கினேன்?" என்பான். அது போதும் அவனுக்கு. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

போகிற இடத்தில் அவனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாசலிலேயே தொப்பியைக் கழற்றுவான். யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் நேரே போய்ச் சவப்பெட்டியருகே மண்டியிடுவான். ஜெபத்தை முடித்துச் சிலுவை அடையாளம் போட்டு, செத்தவர் கையை ஒருமுறை தொடுவான். பிறகு எழுந்து, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டு மனுஷர்கள் பக்கம் திரும்புவான். முதல் நாற்காலியிலிருந்து கடைசி நாற்காலி வரை ஒருவரையும் விடாமல் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்" என்பான். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது அதே வார்த்தைகள்தான். ஆனால் அவன் சொன்னால் அது உள்ளே இறங்கும் என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "மாலக்கி வந்துட்டானா? அப்ப ஆள் செத்தது உறுதிதான்" என்று கேலி செய்பவர்கள்கூட, தங்கள் வீட்டில் ஒன்று என்றால் வாசலைப் பார்த்து இவனுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு சாவு வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் கடைசித் தம்பி லூக் செத்த வீட்டுக்கு.

அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை ஒரு வண்டிப்பாதையால் வந்தது. லூக்கின் மாடுகள் தண்ணீர் குடிக்க ஏரிக்குப் போகும் பாதை மாலக்கியின் நிலத்து ஓரமாகப் போனது. ஒரு மழைக்காலத்தில் மாடுகள் பாதையை மிதித்துச் சேறாக்கிவிட்டன என்று மாலக்கி ஒரு வார்த்தை சொன்னான். லூக் இரண்டு வார்த்தை சொன்னான். மறுநாள் மாலக்கி பாதைக்குக் குறுக்கே ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டினான். அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று நான் இரண்டு பேரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனேன். இரண்டும் ஒரே மண்ணாங்கட்டியில் பிடித்த பிள்ளைகள், எது இளகும்?

சண்டை நடந்துகொண்டிருந்தபோதே மாலக்கியின் மனைவி ரோஸ் செத்துப்போனாள். அன்றைக்கு லூக் வந்தான். பூட்டிய கேட்டைச் சுற்றி, பெரிய சாலை வழியாக, மனைவி ஊனாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். மாலக்கியின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். மறுநாள் ரோஸின் பெட்டியை இடது தோளில் சுமந்தான். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது வேறு. ஆனால் வர வேண்டிய இடத்துக்கு அவன் வந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லூக் டிராக்டரில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டான். மாலக்கி கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு முன்னாலேயே நான் ஊனாவுக்குத் துணையாகக் கிளம்பிவிட்டதால் பார்த்தது அவ்வளவுதான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: மாலக்கியின் கார் லூக் வீட்டு முனை வரை வந்தது, சாலையோரம் நின்றிருந்த அத்தனை கார்களையும், வாசல் தாண்டி நின்ற அத்தனை ஜனங்களையும் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது கறுப்புக் கோட்டோடு மாட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தான். அடக்கத்துக்கும் போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் போகவில்லை. அவனுடைய மகள் ஓர்லா அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தாள். போனில் கேட்டவளிடம், "அப்பாவுக்குக் கடும் காய்ச்சல்" என்று சொல்லி வைத்தோம்.

அதோடு அவன் எல்லாச் சாவு வீட்டையும் விட்டான். தம்பி சாவுக்குப் போகாதவன் ஊரான் சாவுக்கு எந்த முகத்தோடு போவான்? இறந்தவர்கள் பெயர் வாசிக்கும் நேரத்துக்கு ரேடியோவை அணைத்துவிட்டு, நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊனாவைப் பார்க்க நேருமே என்று பக்கத்துப் பங்குக் கோவிலுக்குப் போக ஆரம்பித்தான். சாமான் வாங்கக்கூட அடுத்த டவுன். ஊனாவும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது அவள் கார் எதிரே வந்தால் இவன் வேலிப்பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வான். போய் ஒரு தடவை அவள் கையைப் பிடித்துவிட்டு வா என்று நான் சொல்லாத நாளில்லை. "நாள் கடந்துபோச்சு அக்கா, இனிமே போனா அசிங்கம்" என்பான். போன வருஷம் போயிருந்தால் இந்த வருஷம் அசிங்கம் இல்லையே என்றால் மாட்டுக் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஓர்லா புருஷனோடும் மகளோடும் டப்ளினில் வந்து குடியேறினாள். இந்த ஜூன் மாதம் தந்தையர் தினத்துக்கு வந்து நின்றுகொண்டு, அப்பாவை எங்காவது வெளியே கூட்டிப்போயே தீருவேன் என்றாள். எங்கே? ஏரியின் மறுகரையில் இருக்கும் பாரம்பரிய மையத்துக்கு. அந்தக் காலத்து வீடு, பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை என்று எல்லாவற்றையும் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்குப் பெண்கள்தான் கோடை முழுவதும் முறை வைத்து அங்கே வேஷம் போட்டு உட்காருவார்கள்.

சிக்கல் அங்கேதான். ஏனென்றால் ஊனா அங்கே டீக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆனால் சனிக்கிழமைகளில் மட்டும். அது எனக்குத் தெரியும், நான் அவளை அவ்வப்போது பார்க்கப் போகிறவள். அதனால், "ஞாயித்துக்கிழமை போங்க, அன்னிக்குத்தான் கூட்டம் குறைவு" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"அங்க யாரெல்லாம் இருப்பாங்க?" என்று மாலக்கி என்னைத் தனியாகக் கேட்டான்.

"செத்துப் போனவங்கதான் இருப்பாங்க. அது மியூசியம்டா."

"விளையாடாத அக்கா."

"அவ இருக்க மாட்டா. போதுமா? வாய மூடிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், மையத்தின் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. மாலக்கி அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டோடுதான் வந்தான், அவனிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான். ஓர்லா ஹாம் சாண்ட்விச்சும் பிளாஸ்கில் டீயும் கொண்டு வந்திருந்தாள், அங்கே கடை இருந்தும். அந்தப் புத்தி எங்கள் குடும்பத்துப் புத்தி. மருமகன் ரோனன் டப்ளின்காரன், நல்ல பையன், ஆனால் எதைப் பார்த்தாலும் போனைத் தூக்கிவிடுவான். பேத்தி நெஸ்ஸாவுக்கு எட்டு வயசு, அவள் வாய்க்கு எண்பது.

பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். கொல்லன் பட்டறையில் மாலக்கிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பேத்திக்குக் குதிரை லாடத்தைக் காட்டி ஏதோ பெருமையடித்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் இத்தனை பேர் நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. பரவாயில்லை, வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நான் நினைத்தது எது நடந்திருக்கிறது?

பட்டறையை அடுத்து ஒரு கூரை வீடு. அதற்குள் சுற்றுலாக்காரர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாலக்கி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான், நாங்கள் மூவரும் பின்னால். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. அடுப்பில், ஈர நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டி புகைந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் தெளிய நேரமாயிற்று. தெளிந்தபோது பார்த்தது: நின்றுபோன கடிகாரம், துணி போட்டு மூடிய கண்ணாடி, மெழுகுவர்த்திகள். மூலையில் வெள்ளைத் துப்பட்டி விரித்த கட்டிலில், பழுப்பு அங்கி போட்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றி ஒரு கிழவன் கிடந்தான். மெழுகுப் பொம்மை. சுவரோரம் பெஞ்சில், தலையோடு சால்வை போர்த்திய மூன்று பெண்கள். அந்தக் காலத்துச் சாவு வீட்டைச் செய்து காட்டுகிறார்களாம்.

மாலக்கியைத் தேடினேன். பேத்தியின் கையை விட்டிருந்தான். தொப்பி கழன்று கையில் இருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் நேரே கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

எனக்குப் புரிவதற்குள் மண்டியிட்டுவிட்டான். கண்ணை மூடினான், உதடு அசைந்தது. சிலுவை அடையாளம் போட்டான். கையை நீட்டி, அந்தப் பொம்மையின் மெழுகுக் கையைத் தொட்டான்.

பக்கத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, பாத்தீங்களா? எங்க ஊர்க்காரர் எப்படிச் செய்யுறாருன்னு பாருங்க!" என்று கையைத் தட்டினாள். ரோனனின் போன் மேலே உயர்ந்தது. மாலக்கிக்கு எதுவும் காதில் விழவில்லை. மூன்று வருஷமாகச் சாவு வீட்டுப் படி மிதிக்காத கால் அது, தானாகப் போகிறது. அவன் எழுந்தான், பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.

முதலில் இருந்தது கடைக்கார ப்ரீடா. அவள் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்" என்றான். அவளுக்கும் பழக்கதோஷம்தான், "வந்ததுக்கு நன்றி மாலக்கி" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் முழித்தாள். கூட்டம் சிரித்தது. இரண்டாவது பெண்ணுக்கும் கையைக் கொடுத்தான், அதே வார்த்தைகள். ஒரு ஜெர்மன்காரர் கைதட்டினார்.

மூன்றாவது பெண் சால்வையை முகம் மறையப் போர்த்தியிருந்தாள். இவன் கையை நீட்டிவிட்டான். அவள் கையைப் பிடித்தும்விட்டான். "உங்க துக்கத்துக்கு ரொம்ப..." என்று சொல்லிக்கொண்டே குனிந்தவன் அப்படியே நின்றான்.

ஊனா.

சால்வை கொஞ்சம் விலகியது. அவளும் அவனைப் பார்த்தாள். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பூமி பிளந்து எங்களை அப்படியே விழுங்கினால் தேவலை என்பதுதான்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.  பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எனக்கும் கேட்டது, சொன்னாள்:

"கார் நிறுத்த இடம் கிடைக்க இவ்ளோ நாளா, மாலக்கி?"

லூக் செத்த அன்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், மாலக்கி எங்கே என்று. ஒவ்வொருவருக்கும் ஊனா சொன்ன பதில் அதுதான்: காரை நிறுத்திட்டு வந்துகிட்டிருக்காரு. பெட்டியருகே உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை இவன் மானத்தைக் காப்பாற்ற அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டேன். மாலக்கிக்கு அதை யாரும் சொல்லவில்லை. இப்போது சொன்னபோது அவனுக்கு அர்த்தம் உடனே புரிந்துவிட்டது. முகம் செத்துவிட்டது.

நெஸ்ஸா என் கையை இழுத்தாள். "தாத்தாவுக்கு இந்தப் பாட்டியத் தெரியுமா?" சத்தமாகத்தான் கேட்டாள். கூட்டம் அதற்கும் சிரித்தது, இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று.

மாலக்கி கையை உருவிக்கொண்டான். ஜனங்களை இடித்துக்கொண்டு, குனிய மறந்து நிலையில் தலையை மோதிக்கொண்டு வெளியே ஓடினான். ஆமாம், ஓடினான். எழுபதை நெருங்குகிற ஆள்.

ஓர்லாவும் நானும் பின்னாலேயே போனோம். ஏரிக்கரையில் படகு கட்டுகிற மரத்துறையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது. ஓர்லா கைக்குட்டையை நீட்டினாள், வாங்கவில்லை.

"அப்பா, அது ஊனா சித்திதானே? ஏன் அப்படி ஓடி வந்தீங்க? எனக்கு ஒண்ணுமே புரியல."

நான் வாயைத் திறந்தேன். எதையாவது சொல்லிச் சமாளிப்பது என் வேலை, மூன்று வருஷமாகச் செய்த வேலை. மாலக்கி கையைக் காட்டி என்னை அடக்கினான்.

"சித்தப்பா செத்தப்ப எனக்குக் காய்ச்சல்னு சொன்னோம்ல. காய்ச்சல் இல்லம்மா. நான் போகல."

ஓர்லா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போகலன்னா?"

"போகலன்னா போகல. வீட்டு முனை வரைக்கும் போனேன். அத்தனை பேரு நின்னாங்க. எல்லாரும் என்னையே பாப்பாங்கன்னு தோணுச்சு. திரும்பிட்டேன்."

"அம்மா செத்தப்ப சித்தப்பா பெட்டியைத் தூக்கினாரேப்பா."

அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஞாபகம் வந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. மாலக்கி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெற்ற மகள் முன்னால் ஒரு மனுஷன் அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் அவன் முதுகில் ஓர் அடி வைத்தேன்.

"அழுறதுக்கு இதுதான் நேரமா? மூணு வருஷம் என்னடா பண்ணின?"

"பொம்மைக்கு மண்டி போட்டேன் அக்கா." குரல் கைகளுக்குள்ளிருந்து வந்தது. "மெழுகுப் பொம்மைக்கு. கூடப் பொறந்தவனுக்குப் போடல."

 ஓர்லா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுகரையில் எங்கள் வயல் தெரிந்தது, அதற்கு அடுத்து லூக்கின் வயல். ரோனன் நெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். போனை நீட்டி ஏதோ காட்டப் போனவனை ஓர்லா ஒரு பார்வை பார்த்தாள். பையன் புத்திசாலி, அங்கேயே நின்று அந்தப் படத்தை அழித்துவிட்டான்.

"வீட்டுக்குப் போலாமாப்பா?" என்றாள் ஓர்லா.

மாலக்கி எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். காரை நோக்கித்தான் போகிறான் என்று நினைத்தோம். மணல் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவன் கூரை வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"எங்கடா போற?"

"நீ வரணும்னு இல்ல" என்றான். நான் போகாமல் இருப்பேனா?

வாசலில் அடுத்த கூட்டம் வரிசையில் நின்றது. அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான், டிக்கெட் வாங்கின வெளியூர்க்காரன் மாதிரி. வழிகாட்டிப் பெண் பார்த்துவிட்டாள். "அட, மறுபடியும் வந்துட்டீங்களா! இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, இவங்களும் பாக்கட்டும்" என்று வழி விலக்கிவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு லூக் வீட்டு முனையில் எந்தப் பார்வைக்குப் பயந்து காரைத் திருப்பினானோ, அதே மாதிரி அத்தனை கண்களும் அவன் மேல் இருந்தன. அவன் காது சிவந்துவிட்டது. ஆனால் போனான்.

கட்டிலருகே நிற்கவில்லை, பொம்மையைப் பார்க்கவும் இல்லை. ப்ரீடாவையும் மற்றவளையும் தாண்டி நேரே ஊனா முன்னால் போய் நின்றான். தொப்பி கையில் நசுங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வீடுகளில் சொன்ன வார்த்தைகள், தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற வார்த்தைகள். இப்போது வரவில்லை.  கூட்டம் காத்திருந்தது. யாரோ மறுபடி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எனக்கு வரல ஊனா" என்றான்.

"நேரம் எடுத்துக்க."

"லூக்... லூக்குக்கு நான் வந்திருக்கணும்."

"ஆமா. வந்திருக்கணும்." அவள் அதை இளக்கிச் சொல்லவில்லை. "நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், மாலக்கி. பெட்டிய மூடுற வரைக்கும் பாத்தேன்."

அவன் தலை இன்னும் கீழே போனது. "உன் துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்" என்றான். எத்தனையோ தடவை அதை அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி உடைந்து கேட்டதில்லை.

ஊனா சால்வையைத் தலையிலிருந்து தள்ளிவிட்டாள். எழுந்து நின்றாள். அவன் கைக்காகக் காத்திருக்கவில்லை, அவளே பிடித்தாள்.

"உன் துக்கத்துக்கும் ரொம்ப வருத்தம், மாலக்கி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவனின் அண்ணன் அந்த வரிசையில் உட்கார வேண்டியவன். வருகிறவர்கள் எல்லாரும் அவன் கையையும் பிடித்துச் சொல்லியிருப்பார்கள். இவன் வராததால் இவனிடம் யாருமே சொல்லவில்லை. தம்பி செத்துப் போனதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆள்கூட இவனிடம் துக்கம் கேட்கவில்லை. அவமானம் ஒன்றைத்தான் எல்லாரும் பார்த்தோம், அதற்கு அடியில் ஒரு சாவு இருந்ததை நாங்கள் மறந்தே போனோம்.

 ஊனா அவன் கையை விடாமல், பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டினாள்.

"உக்காரு. இந்தப் பக்கம் உக்காரு."

"எனக்கு எந்த உரிமையும் இல்ல."

"அத நான் சொல்லணும். உக்காரு."

உட்கார்ந்தான். ப்ரீடாவும் அடுத்தவளும் நகர்ந்து இடம் விட்டார்கள். ப்ரீடா அவன் கையைப் பிடித்து அதே வார்த்தைகளை மெல்லச் சொன்னாள், அடுத்தவளும் சொன்னாள். மாலக்கி யார் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

சுற்றுலாக்காரர்களுக்கு இது எதுவும் புரியவில்லை. வழிகாட்டிப் பெண்ணும் வெளிறிப் போய்ப் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் அவர்களுக்கு முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள், உள்ளே போனால் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கை கொடுக்கலாம், இந்த வார்த்தைகளைச் சொல்லலாம் என்று. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தொள தொள கால்சட்டை, முதுகில் பை, கழுத்தில் கேமரா. ப்ரீடாவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கையைக் கொடுத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்தக் கிழவனுக்கும் கொடுத்தார்கள். தப்புத் தப்பான உச்சரிப்பில், சிரித்த முகத்தோடு, "உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்" என்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கையைக் கொடுத்தான். "வந்ததுக்கு நன்றி" என்றான். அவன் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்துச் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தவர் வயசானவர், நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். நாடகத்தில் தானும் ஒரு வசனம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார். கட்டிலில் கிடந்த பொம்மையைக் காட்டி, குனிந்து கேட்டார்:

"இவர் உங்களுக்கு யாருங்க?"

மாலக்கி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"என் தம்பி" என்றான். "கடைசித் தம்பி."